விண்கல மாதிரிகளில் உருவமும் உள்ளடக்கமும்

வீட்டில் எஞ்சிய பொருள்களைக் கொண்டு விஞ்ஞானப் புனைவு மாதிரிகளை ஆக்குதல் சிறுவர் விளையாட்டெனவே பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றது. அதனையும் ஒரு கலையாக்கமாகக் கொள்வதாயின், எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினா எழுகின்றது. இலக்கிய விமரிசனத்திற் பயின்றுவரும் உருவம், உள்ளடக்கம் என்னும் பாகுபாடு இங்கும் பொருந்துவதாகும்.

1966இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்ரார் ட்ரெக்'கில், காட்சியொன்றுக்கென விசித்திர வடிவமுடைய உப்புத்தூள் சிமிழ்கள் வாங்கப்பட்டன. அவை உப்புச் சிமிழ்களெனப் பார்ப்போர்க்குப் புலப்படா என்று கருதப்பட்டமையால், விண்கல வைத்தியரின் சத்திரசிகிச்சைக் கருவிகளாயின. 1977இல் வெளிவந்த 'ஸ்ரார் வார்ஸ்' திரைப்படத்தில் நாயகன் ஏந்திய ஒளிவாளின் பிடியும், பழைய கிறாஃபிளெக்ஸ் கமராவின் மின்னொளி விளக்குப் பிடியைக் கொண்டே ஆக்கப்பட்டது. இவ்விரண்டிலும் பொருளின் உருவம் பெரிதும் மாறவில்லை. கதை அதற்கு விதித்த தொழிலே மாறியது.

இந்தியாவின் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளைத் துவிச்சக்கர வண்டியின் வால்வுக் குழாய்த் துண்டுகளால் இணைத்து விஞ்ஞான விளையாட்டுப் பொருள்களை அமைத்தார். சதுரம் நெளிவதையும் முக்கோணம் நெளியாது நிற்பதையும் மாணவர் தம் கையாலேயே அவற்றில் உணர்வர். அவை உள்ள உண்மையை மெய்ப்பிக்கின்றன. புனைவு மாதிரியோ இல்லாத உலகொன்றை நம்பச் செய்தல் வேண்டும். அதற்கு அவ்வுலகின் தேவைகள் முதலில் சிந்திக்கப்படல் வேண்டும்.

இச்சிந்தனையின்றித் திரையிற் கண்ட கலத்தை அட்டையாலும் போத்தல் மூடியாலும் நகல்செய்வோரே பலர். நகல்செய்தல் பயிற்சியின் முதற்படி என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் அங்கேயே நின்றுவிடும் மாதிரி, கடையில் விற்கும் பிளாஸ்ரிக் கலத்துக்கு என்றும் ஒருபடி கீழானதாகவே மதிக்கப்படும். வாங்க இயலாத பிள்ளையின் ஆக்கம் வறுமையின் அடையாளமாகக் கருதப்படுதற்கும் இதுவே ஏதுவாகின்றது.

பாசிக்குடாவை எடுத்துக்கொள்க. கரையிலிருந்து நெடுந்தூரம் ஆழங்குறைந்த கடல். அடியில் மணலும் பவளப்பாறையும். அங்கு இறங்கும் கலமொன்றைக் கற்பனை செய்யும் பிள்ளை, அது மணலிற் புதையாமலும் பாறையைச் சிதைக்காமலும் நிற்பது எவ்வாறு எனச் சிந்தித்தல் வேண்டும். 1969இல் சந்திரனில் இறங்கிய அப்பொல்லோ 11 கலத்தின் கால்களிலும் புதையாதிருத்தற்பொருட்டு அகன்ற தட்டுக்களே பொருத்தப்பட்டிருந்தன. இந்நோக்கில் சிரட்டை கலத்தின் பாதமாகலாம். அறுந்த வலையின் மிதவை அதனைத் தாங்கலாம். பால்மாப் பேணி உடலாகலாம். இவை வேறு பொருள் கிட்டாமையாற் சேர்ந்தவையல்ல. அக்கடல் வேண்டி நின்றவை.

எனவே, கண்காட்சிகளில் இத்தகைய ஆக்கங்களுக்குப் புள்ளியிடுவோர் வர்ணப்பூச்சின் மினுக்கத்தை நோக்குமுன், 'இவ்வுறுப்பு இங்கு ஏன்?' என்று ஆக்கியோனை வினவுதல் தகும். விடை கூற வல்ல பிள்ளையின் பேணி, விலைகொடுத்து வாங்கிய கலத்தினும் உயர்ந்த படைப்பாகும்.