திண்ணைக்கு வெளியே

கொங்கு நாடு தமிழ் சினிமாவுக்குப் புதிய இடமல்ல. கோபிச்செட்டிபாளையத்து வாய்க்கால் கரைகளும் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளும் எத்தனையோ காதலர்களைப் பாடவைத்து அனுப்பியிருக்கின்றன. ஆனால் அந்த மண்ணின் ஜனங்களில் யார் யார் திரைக்கு வந்தார்கள் என்று கேட்டால் விடை சுருங்கிவிடுகிறது. ‘சின்ன கவுண்டர்’ (1992), ‘எஜமான்’ (1993), ‘நாட்டாமை’ (1994) என்ற பெயர்களே போதும். காமிரா பெரிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்த்தது. தெருவில் நின்றவன் கைகட்டி நின்றான். தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

தமிழ் என்பவர் டைரக்ட் செய்து, பா. ரஞ்சித் தயாரித்து, 2022 மே மாதம் சோனி லிவ் மூலம் வீடுகளுக்கு வந்த ‘சேத்துமான்’ அந்தத் திண்ணையை விட்டு இறங்கிய படம். பெருமாள்முருகனின் ‘வறுகறி’ என்ற சிறுகதையிலிருந்து பிறந்தது. கூடை முடையும் கிழவன் பூச்சியப்பன். பள்ளிக்கூடம் போகும் பேரன் குமரேசன். பையனுடைய பெற்றோர், மாட்டைச் சாக்கிட்டு நடந்த வெறிச்செயலில் மாண்டவர்கள். பண்ணைக்காரர் வெள்ளையனுக்கோ பன்றிக்கறி என்றால் உயிர். அவர் மனைவிக்கு அது அருவருப்பு. ஆசை அவருடையது, அதற்காக அலைவது பூச்சியின் வேலை.

பன்றிக்குச் சேற்று மான் என்று பெயர் வைத்த சாமர்த்தியத்தைப் பாருங்கள்! மான் என்று சொல்லிவிட்டால் கௌரவமாகச் சாப்பிடலாம் போலிருக்கிறது. பெயரை மாற்றிக்கொள்ள முடியாதவன் பூச்சி ஒருவன்தான். ஒரே கறி, ஒருவனுக்கு இழிவு, மற்றவனுக்கு ருசி. ஜாதியைப்பற்றிப் பிரசங்கம் செய்யாமல், ஒரு கறிச்சட்டியை வைத்தே டைரக்டர் இதைச் சொல்லிவிடுகிறார்.

கதை நடப்பது 2017இல். ராம்நாத் கோவிந்த் ஜனாதிபதியாகும் செய்தி ஊரில் அடிபடுகிறது. கே. ஆர். நாராயணன் அந்தப் பதவிக்கு வந்து அப்போது இருபது வருஷம் ஆகிவிட்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து இன்னொருவர் டில்லி மாளிகைக்குள் போகிறார். பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறான். ஒருவருக்கு இடம் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் கொடுத்ததாகுமா என்று படம் கேட்கிறது. நியாயமான கேள்வி. அதையே படத்திடமும் நாம் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா?

பூச்சிக்குத் திரையில் நிறைய இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் மனித சுபாவத்தின் பங்கீட்டைக் கவனியுங்கள். சபலம், கோபம், சிணுங்கல், வெட்கம் எல்லாம் வெள்ளையனுக்கு. பூச்சிக்குப் பொறுமையும் பாசமும் மட்டும். வெள்ளையனின் மனைவிக்குக் கூரிய நாக்கு. பூச்சியின் குடிசையிலோ பெண்ணே இல்லை. மருமகள் சாவதற்கென்றே கதையில் வந்தவள்.

‘அங்கே ஏழை எதிர்த்துப் பேச முடியுமா? உள்ளதைத்தானே காட்டியிருக்கிறார்கள்!’ என்று சிலர் சொல்லலாம். எஜமானுக்கு முன்னால் பேச முடியாதுதான். 1981இல் சத்யஜித் ராய் எடுத்த ‘சத்கதி’யில் வரும் துக்கியும் பண்டிதரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தன் ஆத்திரத்தையெல்லாம் பிளக்க முடியாத மரக்கட்டையின்மேல் காட்டுகிறான். அந்தக் கோடாலி வீச்சில், நம் இரக்கத்துக்குக் காத்திராத ஒரு மனிதனைப் பார்க்கிறோம். பூச்சிக்கு அப்படி ஒரு மரக்கட்டையாவது வேண்டாமா? குடிசைக்குள் பேரனோடு தனித்திருக்கும்போது எந்த எஜமான் காது கொடுத்துக் கேட்கப்போகிறார்? அங்கேயும் அவன் நல்லவனாக மட்டுமே இருக்கிறான். துன்பப்படுகிறவன் குற்றமே இல்லாதவனாக இருந்தால்தான் நாம் கண்ணீர் விடுவோம் என்பது, பார்க்கிற நம்மைப்பற்றிய அவநம்பிக்கை.

இந்தக் குறையைச் சொல்வது படத்தைத் தள்ளிவிடுவதற்காக அல்ல. நன்றாகச் செய்தவர்களிடம்தான் இன்னும் கேட்க முடியும். கோயமுத்தூர்ப் பக்கத்து மரியாதைப் பேச்சைச் சிரிப்புக்கு மட்டுமே கேட்டுப் பழகிய காதுகளுக்கு, அந்த மரியாதை எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று இந்தப் படம் கேட்க வைக்கிறது. அதற்காகவே ஒருமுறை பார்க்க வேண்டும். பூச்சியப்பன் திரைக்கு வந்துவிட்டான். அடுத்து எடுக்கிறவர்கள் அவனுக்குக் கொஞ்சம் குறும்பும் கொஞ்சம் கோபமும் கொடுக்கட்டும்.