வால்வை மாற்றினால் போதுமா?

டிரான்சிஸ்டர் வந்தபின் வால்வு வானொலி நம் வீடுகளை விட்டுப் போய்விட்டது. கிதார் வாசிப்போர் மட்டும் வால்வைக் கைவிடவில்லை. ஒலியை அளவுக்கு மீறிக் கூட்டும்போது, வால்வு மின்னலையின் முகட்டைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல மழுக்குகிறது. அந்தக் கரகரப்பே அவர்களுக்கு இசை. ஆகவே சிறிய வால்வு ஆம்ப்ளிபயர்கள் இன்றும் செய்யப்படுகின்றன, பழுதும் படுகின்றன. பழுதானால் பலரும் செய்யும் முதற்காரியம் புது வால்வு வாங்குவது. இது பெரும்பாலும் வீண்செலவு என்பதே நம் கருத்து.

அமெரிக்காவில் பெண்டர் நிறுவனம் 1950களில் விற்ற ‘சேம்ப்’ கருவியைப் பாருங்கள். அதன் 5எப்1 என்னும் சுற்றில் வால்வுகள் மூன்றே: முதற்கட்டப் பெருக்கத்துக்கு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை இயக்க 6வி6, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்க 5ஒய்3. திறன் ஏறத்தாழ 5 வாட்.

இதில் 6வி6-இன் தகடு தணல்போல் சிவக்கிறது என்று கொள்வோம். புது வால்வைச் செருகினால் அதுவும் சிவக்கிறது. ஏன்? முதல் வால்வின் தகட்டிலுள்ள உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, இசையின் மின்னலையை மட்டும் 6வி6-இன் கிரிட்டுக்கு அனுப்புவது இடையிலுள்ள 0.02 மைக்ரோபாரட் மின்தேக்கி. அது கசிந்தால் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறும். மின்னோட்டம் வரம்பு மீறும். குற்றம் மலிவான மின்தேக்கியுடையது; தண்டனை வால்வுக்கு!

அளந்து பார்க்குமுன் ஓர் எச்சரிக்கை. இக்கருவியினுள் 300 வோல்ட்டுக்கு மேல் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் வடிப்பு மின்தேக்கிகள் மின்னூட்டத்தை வைத்திருக்கும். 10,000 ஓம், 5 வாட் மின்தடை வழியே அதை வடித்து, மீட்டர் சுழி காட்டிய பிறகே கை வையுங்கள். மின்சாரம் ஓடும்போது அளப்பதை, பழகியவர் உடனிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

6வி6-இன் கேதோடில் 470 ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அதன் முனைகளுக்கிடையே 19 வோல்ட் இருந்தால், ஓம் விதிப்படி 19 ÷ 470, அதாவது ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. இது சரியான அளவே. 30 வோல்ட் என்றால் 64 மில்லி ஆம்பியர்; ஐயப்பட வேண்டியதுதான். 6வி6-ஐக் கழற்றிவிட்டுக் கிரிட் முனையை அளந்து பாருங்கள். அங்கே நேர்மின்னழுத்தம் தென்பட்டால் மின்தேக்கியை மாற்றுங்கள்.

உறுமல் கேட்டால் காதே கருவி. நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், வடிப்பு மின்தேக்கி உலர்ந்தால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் வரும். 50 ஹெர்ட்ஸ் என்றால் இழையைச் சூடாக்கும் கம்பிகளையோ பூமி இணைப்பையோ பாருங்கள். சேம்பில் இலேசான உறுமல் பிறவிக்குணம். அதைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

இதே நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்த ‘புளூஸ் ஜூனியர்’ வேறு கதை. 15 வாட், இரண்டு இஎல்84 வால்வுகள், 12 அங்குல ஸ்பீக்கர். ஒலியில் குறையில்லை, அமைப்பில்தான் குறை. இரண்டு கருவிகளிலும் வால்வுகள் தலைகீழாகவே தொங்குகின்றன. ஆனால் சேம்பின் சாக்கெட்டுகள் உலோகச் சட்டத்தில் திருகப்பட்டு, கம்பிகளால் இணைக்கப்பட்டவை. இதிலோ அவை அச்சுச் சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன. வால்வின் சூடு மேலெழுந்து நேரே அங்கு சேர்கிறது. அன்றாடம் விரிந்து சுருங்கி, ஸ்பீக்கரின் அதிர்விலும் ஆடும் பற்றாசு நாளடைவில் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கிறது. ஒலி போகும், பெட்டியைத் தட்டினால் திரும்பும். வால்வைக் கழற்றிச் செருகும்போது இணைப்பு அசைந்து ஒலி வந்துவிட, ‘புது வால்வு சரிசெய்தது’ என்று நம்பிவிடுகிறோம்!

அன்றியும், இஎல்84-இன் தகட்டுக்கு வரம்பு 300 வோல்ட். இக்கருவி அதைச் சற்றுத் தாண்டியே தருகிறது. மின்னோட்டத்தைத் திருத்திக்கொள்ள ஒரு திருகுகூட வைக்கவில்லை. சிக்கனத்துக்காகச் செய்திருக்கலாம், அந்தச் செலவு வாங்கியவர் தலையில் விழுகிறது. பழுதுபார்ப்பவர் சாக்கெட் முனைகளைப் புதிதாகப் பற்றவைத்து, அந்த இடத்தில் மாறு மின்தடை ஒன்றைச் சேர்த்துவிட்டால் வால்வுகள் நெடுநாள் உழைக்கும்.