கோலா மீன் தலைக்கு மேலே பறந்துச்சுங்க!

2012 கடைசியில் 'லைஃப் ஆஃப் பை' வந்தபோது நம்ம பாண்டி தியேட்டரில் அடித்துப் பிடித்து சீட்டு பிடித்தவன் நான். இன்றைக்கும் யாராவது அந்தப் பெயரை எடுத்தால் போதும், என் வாய் ஓயாது!

விளக்கு அணைந்ததும் காதில் விழுந்தது என்ன தெரியுமா? ஆங் லீ எடுத்த ஹாலிவுட் படத்தில் பம்பாய் ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு! மிருகங்கள் அசைந்து அசைந்து வருகின்றன. எங்கே? பிரெஞ்சுக்காரர்கள் 1826-இல் போட்ட நம்ம பொட்டானிக்கல் கார்டன்தான் கதையில் மிருகக்காட்சி சாலை! "டேய், நம்ம கார்டன்டா!" என்று பின்வரிசையில் ஒருத்தர் கத்த, முன்பின் தெரியாத அவரிடம் "ஆமாங்க, ஆமாங்க" என்று நானும் கத்தினேன். தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் கடல்: மிருகக்காட்சி சாலை நடத்தும் குடும்பம் மிருகங்களோடு கப்பல் ஏறுகிறது. நினைத்துப் பாருங்கள்: நடுராத்திரி, பேய்மழை, மேல்தளத்துக்கு ஓடி வந்து ஆடுகிறான் அந்தக் குடும்பத்துப் பையன் பை. கொஞ்ச நேரத்தில் அவன் தண்ணீருக்கடியில் மிதக்க, விளக்குகள் எரிந்தபடியே மொத்தக் கப்பலும் கீழே கீழே போகிறது, உள்ளே அவன் அம்மா, அப்பா, அண்ணன். தியேட்டரில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

அதற்குப் பிறகு வந்ததே கோலா மீன் கூட்டம், அய்யோ! உயிர் தப்பிய படகில் ரிச்சர்ட் பார்க்கர் என்கிற வங்கப் புலி, எதிரே பசியோடு பை, திடீரென்று விர்ர்ரென்று ஆயிரக்கணக்கில் மீன்கள், அவன் முகத்தில் அடிக்கின்றன, படகில் விழுந்து துள்ளுகின்றன, திரைக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை, அந்தப் பட்டையையும் தாண்டி வெளியே பாய்கின்றன, த்ரீ டி கண்ணாடியோடு நான் தலையைக் குனிய, பக்கத்து சீட்டுப் பெரியவர் முகத்தைக் கையால் மறைக்க, குருசுக்குப்பத்து மீனவப் பையன்கள் போல ஒரு கூட்டம் "கோலாடா, கோலா!" என்று விசிலடிக்க, இன்னொரு காட்சியில் ராத்திரி, கடல் முழுக்க ஜெல்லி மீன் வெளிச்சம், அதைப் பிளந்துகொண்டு ஒரு திமிங்கலம் எழும்ப, நான் சீட்டை விட்டே எழுந்துவிட்டேன்!

அந்த அலைகளைத் தைவானில் தொட்டி கட்டி எழுப்பினார்களாம், புலியும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறந்ததாம். தெரிந்தபின் பிரமிப்பு இன்னும் கூடியது. மிதக்கும் தீவுக் காட்சி மட்டும் கொஞ்சம் இழுவை, அதை விடுங்கள். நாலு ஆஸ்கர், ஆங் லீக்கே சிறந்த இயக்குநர் விருது, நம்ம தாலாட்டுக்கும் பரிந்துரை!

பெரிய திரையில் மறுபடி எங்கே போட்டாலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், டிக்கெட் என் செலவு.