குளிர் அறையில் நிற்பவன்: 'றொக்கி' பற்றிச் சில குறிப்புகள்

'றொக்கி' படத்தைப் பாராதவர்கள்கூட அந்தக் காட்சியை எங்காவது பார்த்திருப்பார்கள். சாம்பல் நிற உடுப்போடு ஒருவன் பிலடெல்பியா கலைக்கூடத்தின் படிகளில் ஓடி ஏறி, உச்சியில் நின்று இரு கைகளையும் உயர்த்துவான். நான் இங்கு வந்த புதிதில், அறையிலிருந்த அண்ணர் ஒருவர் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டி, "விடாமல் நிண்டால் நீயும் வரலாம்" என்றார். அண்மையில் மறுபடி பார்த்தேன். படம் அப்படிச் சொல்லவில்லை என்றே இப்போது தோன்றுகிறது.

1976இல் வந்த படம். சில்வெஸ்டர் ஸ்டலோன் எழுதி நடிக்க, ஜோன் அவில்ட்சன் இயக்கினார். ஏறக்குறைய 10 லட்சம் டொலரில் எடுத்து, சிறந்த படம் உட்பட 3 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. றொக்கி சில்லறைக் குத்துச்சண்டைக்காரன். வட்டிக்காரன் ஒருவனுக்குக் கடன் அறவிடும் சண்டியன். உலகச் சம்பியன் அப்பலோ கிறீட்டோடு மோத வேண்டியவன் காயப்பட்டுவிட, அமெரிக்காவின் 200ஆவது ஆண்டுக் கொண்டாட்டத்துக்குப் பொருத்தமான ஒரு விளம்பரப் பெயர் தேவைப்படுகிறது. பட்டியலில் றொக்கியின் பட்டப்பெயர் அப்பலோவுக்குப் பிடித்துப்போகிறது. அவ்வளவுதான். சந்தர்ப்பம் வந்த பின்புதான் அவன் அந்தப் படிகளில் ஓடுகிறான்.

சண்டையில் அவன் தோற்கிறான் என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். வெல்ல முடியாதென்பது முதல்நாள் இரவே அவனுக்குத் தெரியும். 15 சுற்றும் முடியும்வரை காலில் நிற்கவேண்டும், அவ்வளவே அவன் கேட்பது. படத்தின் நேர்மை இங்கேதான் இருக்கிறது. 1979இல் வந்த இரண்டாம் பாகம் அவனை வெல்லவைத்து அதைக் கெடுத்துவிட்டது.

இம்முறை என் கண் போனது பௌலியிடம். இறைச்சிக் குளிர் அறையில் வேலை செய்பவன்; றொக்கி காதலிக்கும் ஏட்றியனின் சகோதரன். தொங்கும் மாட்டுடல்களை றொக்கி குத்திப் பழகுவதைப் படம்பிடிக்க அங்கே தொலைக்காட்சி வருகிறது. றொக்கிக்கு அது பயிற்சி. பௌலிக்கு அது ஒவ்வொரு நாளும். அந்த வேலையை விட்டுவிட்டு வட்டிக்காரனிடமாவது சேரலாமா என்று அவன் றொக்கியிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். குடிக்கிறான், சகோதரியை வதைக்கிறான், பேஸ்போல் மட்டையால் வீட்டுப் பொருட்களை நொறுக்குகிறான். அவனை நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆனால் சமையலறையின் குளிர் அறைக்குள் நின்று இறைச்சிப் பெட்டி தூக்குகிற எனக்கு, அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறதென்று விளங்குகிறது. பேட் யங் அந்தக் கோபத்தை வெறும் வில்லத்தனமாக்காமல் நடித்திருக்கிறார். கமரா மட்டும் றொக்கியின் பின்னாலேயே போய்விடுகிறது.

படத்துக்கு வெளியேயும் ஒருவர் இருந்தார். தென் கரோலினாவின் ஏழைக் கறுப்பின விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஜோ பிறேசியர், பிலடெல்பியாவில் மாடறுக்கும் இடத்தில் வேலை செய்தவர். 1964இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1971இல் முகமது அலியைத் தோற்கடித்தார். தொங்கும் இறைச்சியைக் குத்தியதும் அந்தப் படிகளில் ஓடியதும் தன் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அவர் சொல்லிவந்தார். படத்தில் அவர் தன் பெயரிலேயே சில நொடிகள் வந்து போகிறார். உழைப்பு வெள்ளை நாயகனுக்குப் போக, வாய்ச்சவடால் அடிக்கும் பணக்கார எதிராளி கறுப்பனாகிறான். 1982இல் வந்த மூன்றாம் பாகத்துக்காக வார்த்த றொக்கியின் வெண்கலச் சிலையை 2006இல் கலைக்கூடப் படிகளருகே வைத்தார்கள். பிறேசியருக்கு அந்நகரில் சிலை எழுந்தது 2015இல், அவர் இறந்து நான்கு ஆண்டுகளின் பின்.

இது கெட்ட படமல்ல. கடைசிச் சுற்றில் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் இதை விடாமுயற்சிக்கு ஆதாரமாகக் காட்டும்போது, வராமல் போனவர்கள் முயலவில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். எனக்குப் படம் காட்டிய அண்ணர் இன்றும் அதே சமையலறையில்தான் நிற்கிறார். விடாமல் நிற்பதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவரது பெயரைப் பட்டியலில் எவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.