ஞானஸ்நானமும் மனமாற்றமும்: கரையோர வரலாறு குறித்த ஒரு மறுநோக்கு

சிலாபத்துக்கு வடக்கே, களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்துள்ள உடப்பு, இலங்கையின் மேற்குக் கரையில் தனித்தன்மை வாய்ந்த ஊராகும். அயலிலுள்ள கரையூர்கள் பலவற்றில் கடற்றொழில் செய்வோர் கத்தோலிக்கராயிருக்க, இவ்வூரவர் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதி விழாவெடுக்கும் இந்துக்களாகவே நிலைத்துள்ளனர். கடல் ஒன்று, தொழிலும் ஒன்று. ஆயின் ஒரு சாராரின் முன்னோர் தலையில் ஞானஸ்நான நீர் வார்க்கப்பட்டது, மற்றையோருக்கு வார்க்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை மீட்படைந்தோர், மீட்பை இழந்தோர் என்ற வேறுபாடாகக் கொள்ளலாமா என்பதே ஈண்டு எழும் வினா.

இவ்வினாவுக்கு விடை கூறப் புகுந்தோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டனர். இத்தனை ஆயிரவர் நீராடினர் என மிஷனரி வரலாற்றாசிரியர் பெருமிதங் கொள்ள, அத்தனை ஆயிரவரும் சலுகைக்காக நீராடியவரே என மறுதரப்பார் எள்ளி நகையாடினர். இரு சாராரும் நீர் வார்த்த கணத்தையே நோக்கினரன்றி, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நோக்கினாரல்லர்.

தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் பரதவர் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். முத்துக்குளிப்பின் மீதான உரிமைப் பூசலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை வேண்டி நின்ற அவர்கள் 1530களின் நடுப்பகுதியில் பெருந்தொகையினராக ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரையை அடைந்தபோது, தாம் கிறிஸ்தவர் என்பதற்கப்பால் அம்மக்கள் சமயம் பற்றி அறிந்திருந்தது மிகச் சிலவே. நீர் முதலில் வந்தது; போதனை பின்னரே வந்தது. சவேரியார் தாமும் இவ்வேகத்துக்கு விலக்கானவரல்லர். திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்ததாக 1545ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அவர் எழுதினார். அவரது அவசரத்தைப் புகழ் வேட்கையெனக் கொள்வது நேர்மையாகாது. ஞானஸ்நானமின்றி இறப்போர் மீட்படையார் என அவர் உளமார நம்பினார். அந்நம்பிக்கை உடையவனுக்கு ஒவ்வொரு நாளும் நெருக்கடியே.

ஆயின் அவசரமாக வார்க்கப்பட்ட நீர் பயனற்றது என முடிவு கட்டவும் வரலாறு இடந்தரவில்லை. சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் பல நூற்றுவர், அதே 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். சில மாதப் பழக்கமேயுள்ள சமயத்திற்காக அவர்கள் மடிந்தனர். அரசியற் காரணத்தையே அம்மன்னன் கருதியிருப்பினும், இறந்தோரின் நிலைப்பாட்டைச் சலுகை வேட்கை எனக் கூற எவருந் துணியார்.

விவிலியமும் ஒற்றை விடை கூறுவதாயில்லை. நீரினாலும் ஆவியினாலும் பிறவாதவன் இறையரசிற் புகான் என்னுங் கருத்தை யோவான் நற்செய்தி வலியுறுத்துகின்றது. லூக்கா நற்செய்தியிலோ, இயேசுவுடன் சிலுவையில் தொங்கிய கள்வன் ஞானஸ்நானமின்றியே பேரின்ப வீட்டுக்கு உறுதி பெறுகிறான். அப்போஸ்தலர் பணியில் கொர்னேலியு வீட்டார்மீது தூய ஆவி முதலில் இறங்க, நீர் பின்னரே வருகின்றது. மாயவித்தைக்காரன் சீமோனோ நீராடிய பின்னும் உள்ளந் திருந்தாமையாற் கடியப்படுகிறான். உடப்பில் தீமிதிப்போரும் விரதமிருந்து நீராடிய பின்னரே தீயில் இறங்குவர். விரதத்தை விடுத்து நீராட்டு மாத்திரம் போதுமென அவ்வூரிலும் எவருங் கூறார் என்பது இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது.

1547இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் ஞானஸ்நானம் மீட்புக்கு அவசியமென விதித்தது. எனினும் ஞானஸ்நானம் பெற இயலாதார் அதன்மீது கொண்ட விருப்பமே அதன் இடத்தை நிரப்பும் என்பதை அச்சங்கமே ஏற்றிருந்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மேலுஞ் சென்று, தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, மனச்சான்றின்வழி நேர்மையுடன் வாழ்வோரும் மீட்படையலாமென அறிவித்தது. சவேரியாரின் அச்சத்துக்குத் திருச்சபை நானூறு ஆண்டுகள் கழித்து அளித்த மறுமொழி இது எனலாம். அவ்வாறாயின், ஞானஸ்நானம் வெறும் அலங்காரமா?

அன்று என்பதற்கு, புத்தளக் கரையை உள்ளிட்ட இலங்கை வரலாறே சான்று. ஒல்லாந்தர் தம் ஆட்சியில் பதவிக்கும் திருமணப் பதிவுக்கும் தமது திருச்சபையின் ஞானஸ்நானத்தை வேண்டினர். பள்ளித் தோம்புகளில் பெயர்கள் பெருகின. கோயில்கள் மறைந்தனவாயினும் வீட்டினுள் திருநீறு மறையவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அக்கட்டாயம் நீங்கவே, அப்பதிவேட்டுக் கிறிஸ்தவம் பெரும்பாலும் உதிர்ந்தது. இதே காலத்தில் கத்தோலிக்கருக்குக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்தனர். 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தபின் 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்களுக்கு மேய்ப்பரில்லை. இடருற்ற வேளையில் எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாமெனத் திருச்சபை விதித்திருந்தமையால், குருப்பட்டம் பெறாதாரின் கையாலும் குழந்தைகளின் தலையில் நீர் வார்க்க இயன்றது. ஒருபுறம் பதவி தந்த நீர். மறுபுறம் தண்டனைக்கு ஆளாக்கக்கூடிய நீர். முன்னது உலர்ந்தது; பின்னது நிலைத்தது.

நீரும் வாய்பாடும் இரு திருச்சபைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது, அதன்பின் குழந்தையை ஏற்றுக்கொண்ட கூட்டம். செபத்தை மனத்திலிருந்தே சொல்லிக்கொடுத்த உறவினர் ஒருசாராருக்கு இருந்தனர். மற்றையோருக்குப் பதிவேடு மட்டுமே இருந்தது. ஞானஸ்நானம் தனியொருவனின் மறுமைக்கான அனுமதிச்சீட்டு அன்று; ஒரு கூட்டத்தின் நினைவுக்குள்ளும் கடமைக்குள்ளும் புகும் வாயில் என்றே இவ்வரலாற்றைக் கொண்டு துணியலாம். வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்குப் புறப்படுமுன் புத்தளத்திலும் பணியாற்றினார். மறைந்திருந்த மக்களைத் தேடிச் சென்ற இடங்களில் அவர் புதிதாக ஒரு திருச்சபையைத் தோற்றுவிக்க வேண்டியிருக்கவில்லை; முப்பது ஆண்டுகளாகக் காத்திருந்த மக்களே அவரை எதிர்கொண்டனர்.