ஜேம்ஸ் பிரவுன்: பாடகரும் பக்கவாத்தியமும்

ஜேம்ஸ் பிரவுன் (3 மே 1933 – 25 டிசம்பர் 2006) அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், இசைக்குழுத் தலைவர். சோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவர். ஃபங்க் என்னும் இசை வகைக்கு உருவம் கொடுத்தவர் என்றால் அவரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தென் கரோலினா மாநிலத்துப் பார்ன்வெல்லில் கடும் வறுமையில் பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 16 வயதில் திருட்டு வழக்கில் சிறை சென்று 1952இல் வெளிவந்தார். பாபி பேர்டின் குழுவில் சேர்ந்து பாடத் தொடங்கினார். 1956இல் வெளிவந்த ‘ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்’ முதல் வெற்றி. 1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க் அப்போலோ அரங்கில் நடந்த கச்சேரியைப் பதிவுசெய்ய இசைத்தட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. அவர் தம் சொந்தப் பணத்தில் பதிவுசெய்தார். அந்தத் தட்டு 66 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் இருந்தது.

அவருடைய உண்மையான சாதனை அதற்குப் பிறகுதான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். அக்காலப் பாடல்களில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் விழும். பிரவுன் அதை முதல் எண்ணுக்குக் கொண்டுவந்தார். கிட்டார், ஊதுகருவிகள், தம் குரல் என எல்லாவற்றையும் முரசு போலவே கையாண்டார். ‘கோல்ட் ஸ்வெட்’ (1967) பாடலை முதன்முறை கேட்பவர், “இதில் மெட்டே இல்லையே” என்பார். பாடம் நடத்திப் பழகியவன் என்பதால் ஒரு வழி சொல்கிறேன்: முதல் முறை குரலை விட்டுவிட்டு முரசை மட்டும் கேளுங்கள், அடுத்த முறை கிட்டாரை மட்டும் கேளுங்கள். பாட்டு எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். 1969இல் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலில், மற்றவர்களை நிறுத்திவிட்டு கிளைட் ஸ்டபிள்ஃபீல்டைத் தனியே வாசிக்க விடுகிறார் பிரவுன். ஏறத்தாழ 20 விநாடி. பப்ளிக் எனிமி குழுவின் ‘ஃபைட் த பவர்’ (1989) உட்பட எண்ணற்ற ஹிப் ஹாப் பாடல்கள் அந்தத் துண்டை எடுத்தாண்டன. ஆனால் பாடலாசிரியர் என்ற இடத்தில் இருப்பது பிரவுன் பெயர் மட்டுமே. ஸ்டபிள்ஃபீல்டுக்கு ஆசிரியர் உரிமைத் தொகை வரவில்லை. ‘கோல்ட் ஸ்வெட்’ பாடலில் பீ வீ எல்லிஸுக்கு ஆசிரியர் பங்கு கிடைத்திருக்கிறது. அவர் ஊதுகருவிப் பகுதியை அமைத்தவர். மெட்டுப் போட்டவருக்குப் பங்கு உண்டு, தாளம் வாசித்தவருக்கு இல்லை என்பது அன்றைய வழக்கம். தாளத்தையே மெட்டாக்கிய ஒருவருடைய குழுவிலும் அந்த வழக்கமே நீடித்தது எனக்குப் பெரும் முரணாகத் தெரிகிறது.

பிரவுனுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுரம் தவறினாலும், காலணி பளபளக்காவிட்டாலும் அபராதம் விதித்தவர் அவர். 1970இல் குழுவினர் பலர் ஒரே நேரத்தில் விலகினர். பூட்ஸி காலின்ஸ் முதலிய இளைஞர்களைக் கொண்டு அதே ஆண்டு ‘செக்ஸ் மெஷின்’ பாடலைப் பதிவுசெய்தார். ஆட்கள் மாறியும் இசையில் அவர் முத்திரை மாறவில்லை. ஆகவே முறை அவருடையது என்பதில் ஐயமில்லை. அந்த 20 விநாடி மட்டும் அவருடையது அன்று.

பிற்கால வாழ்க்கையில் குடும்ப வன்முறை வழக்குகளும், 1991 வரை நீண்ட சிறைவாசமும் உண்டு. புகழுரைகள் இவற்றை விரைந்து கடந்துவிடுகின்றன.

ஸ்டபிள்ஃபீல்ட் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் குடியேறி, உள்ளூர் அரங்குகளில் பல ஆண்டுகள் வாசித்துவந்தார். 2017இல் அங்கேயே காலமானார்.