இணையவழி உயர்கல்வி: தூரம் குறைந்தது, துணை குறையலாமா?



"இணையவழிக் கல்வியின் நன்மைகளும் சவால்களும்." இந்தத் தலைப்பில் எத்தனை கட்டுரைகளைத் திருத்தியிருப்போம்! மூன்று நன்மை, மூன்று சவால், கடைசியில் ஓர் அன்னப்பறவை வந்து பாலையும் நீரையும் பிரித்துவிட்டுப் போகும். புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால், ஆறாம் படிவம் முடித்துவிட்டு அடுத்து எங்கே, எப்படிப் படிப்பது என்று நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டுரை உதவுமா? உதவாது. யாருக்கு நன்மை, யாருக்குச் சவால் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இருப்பதே இல்லை. அந்தக் கேள்வியை நம் பேராவில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையம் தூரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால், படிப்பவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய துணையையும் பல இடங்களில் சேர்த்தே குறைத்துவிட்டது. துணையோடு வந்த இணையக் கல்வி வென்றது. துணையில்லாமல் வந்தது, வசதியுள்ள பிள்ளையை மட்டும் கரை சேர்த்தது.

நன்மை பொய்யல்ல

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கான படிப்பைத் தொடங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு ஈப்போவில் வட்டார மையம் உண்டு. பகலில் வேலை, இரவில் பாடம் என்று படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள். சம்பளத்தை விட்டுவிட்டு வளாகத்துக்குப் போக முடியாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா என்ன?

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் தனிப் பங்கும் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். முன்பு சென்னைக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி வாங்கிவரச் செய்த நூல்களை, இன்று சுங்கை சிப்புட்டில் இருக்கும் மாணவர் கைப்பேசியில் திறந்து படிக்கலாம். எஸ்.டி.பி.எம். தமிழ் எடுக்கும் மாணவர்களே, இந்த இரண்டையும் நீங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை என்றால் இன்றைக்கே பாருங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் பாடத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கற்றல் மையம் வைத்தார்கள். நேருக்கு நேர் வகுப்பு வைத்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடப் பயிற்றாசிரியர் இருந்தார். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வேலையில் இருந்த பெரியவர்கள். ஏன் படிக்கிறோம் என்று தெரிந்தே வந்தவர்கள்.

துணை இல்லாவிட்டால் என்ன ஆகும்? எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட இணையப் பாடங்களைப் பாருங்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணைந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தில் அவ்விரண்டும் நடத்திய பாடங்களைப் பற்றிய ஆய்வு, 2019இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. 2017-18இல் அப்பாடங்களில் பதிந்தவர்களில் 3.13 விழுக்காட்டினர் மட்டுமே படிப்பை முடித்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். பாடம் ஒன்றுதான், தளமும் ஒன்றுதான். பிடிப்பு இருந்தவர் முடித்தார். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2020இல் வந்தது வேறு

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மே 27இல் உயர்கல்வி அமைச்சு, சில பிரிவினரைத் தவிர மற்ற அனைவருக்கும் டிசம்பர் 31 வரை இணையவழியாகவே பாடம் நடக்கும் என்று அறிவித்தது. நோய்க் காலத்தில் வேறு வழியில்லை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், திட்டமிட்டுக் கட்டிய தொலைநிலைக் கல்வியும், தீயணைப்பதுபோல் அவசரத்தில் செய்ததும் ஒன்றல்ல. நம் மாணவர் கட்டுரைகளில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துக் காட்டுங்கள்.

அந்த ஜூனில் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி, தேர்வு எழுத இணைய இணைப்பு வேண்டி மரத்தின்மேல் 24 மணி நேரம் தங்கிய காணொளியை நாடே பார்த்தது. ஆகஸ்டில் அரசாங்கம் 'ஜெண்டேலா' திட்டத்தை அறிவித்தது. மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 2022 இறுதிக்குள் 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் இலக்குகளில் ஒன்று. நல்ல இலக்குதான். ஆனால் அது எண்ணுவது லைனை மட்டும்.

எனக்குத் தெரிந்த பழைய மாணவி ஒருத்தி ஈப்போ நகரிலேயே இருந்தாள். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்ட பிறகு அவள் குடும்பம் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தது. கைப்பேசியில் லைன் முழுசாக இருந்தது. வீட்டில் அறை இரண்டு. ஒன்றில் இரவுவேலை முடித்துவந்த அப்பா தூங்குவார். இன்னொன்றில் தம்பிக்கு இல்லிருப்புக் கற்றல் நடக்கும். படைப்பு செய்ய வேண்டிய நாளில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள். வீட்டுச் சத்தம் கேட்டுவிடும் என்று மற்ற நாள்களில் ஒலிவாங்கியைத் திறக்கவே மாட்டாள். வகுப்பில் அவள் ஒரு கறுப்புக் கட்டம். ஈடுபாடு இல்லாதவள் என்று பெயர். "லைன் இருக்கு டீச்சர், இடம்தான் இல்ல" என்றாள். எந்த இணையத் திட்டத்தின் கணக்கிலும் இந்தப் பிள்ளை 'சேவை கிடைத்தவர்' பட்டியலில்தான் இருப்பாள்.

இதை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம்

கல்வியை வாசலுக்குக் கொண்டுவருவது நம் சமூகத்துக்குப் பழைய கதை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே வந்தது. நடக்கும் தூரம் மிச்சம். ஆனால் பல தோட்டங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் கங்காணியோ கிராணியோதான். தொடக்கக் கல்வியோடு படிப்பும் நின்றது. அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காட்ட ஆளில்லை. அருகில் இருந்த பள்ளியே, பிள்ளையைத் தோட்டத்தோடு கட்டிப்போடவும் செய்தது.

அதற்காகத் தோட்டப்பள்ளி வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். அந்தப் பள்ளிகளை உயர்த்தியவர்கள், பயிற்சி பெற்று வந்த ஆசிரியர்கள். இணையக் கல்வியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கருவியைக் கும்பிடவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்போம்.

எந்தப் படிப்பு என்றும் கேட்க வேண்டும். ஈப்போவில் 1969 முதல் இயங்கிவரும் உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் பட்டறைப் பயிற்சி உண்டு. இயந்திரத்தைத் தொடாமல் தொழில்நுட்பம் கைவருமா? தாதியருக்கு ஊசி போடும் பயிற்சியைத் திரையில் முடித்துவிட முடியுமா? கோட்பாட்டுப் பாடம் இணையத்தில் போகட்டும். கைப்பழக்கம் நேரில்தான் வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களே, பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ மாலை இரண்டு மணி நேரம் ஓர் அறை, மேசை, இணைப்பு கிடைத்தால் பல பிள்ளைகளுக்கு இடம் கிடைத்துவிடும். பெரிய மானியம் தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு பேசினாலே பாதி வேலை முடியும். ஆறாம் படிவத்திலேயே தனியாகப் படிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். பதிவுசெய்த விரிவுரையை நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுப்பது, புரியாததை மின்னஞ்சலில் விரிவுரையாளரிடம் தெளிவாகக் கேட்பது போன்றவற்றை யாராவது சொல்லித் தந்தால்தானே தெரியும்!

மாணவர்களே, இணையவழிப் பட்டத்துக்குப் பதியுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா? நேருக்கு நேர் வகுப்போ பயிற்றாசிரியரோ உண்டா? லைன் போய்விட்டால் பாடத்தின் பதிவைப் பிறகு பார்க்க முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.

தேர்வில் இத்தலைப்பு வந்தால், ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு மனிதரை மனத்தில் நிறுத்தி எழுதுங்கள். 'நேரம் மிச்சமாகிறது' என்றால் யாருடைய நேரம்? 'செலவு குறைகிறது' என்றால் அந்தச் செலவு யார் தலையில் போய் விழுகிறது? வளாகத்தில் பல்கலைக்கழகம் கட்டிய மின்கட்டணத்தை வீட்டில் அப்பா கட்டுகிறார். இதை எழுதினால் அது உங்கள் சொந்தக் கட்டுரை. அன்னப்பறவைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன ஆண்டு உங்களிடம் படித்து, இப்போது வீட்டிலிருந்தே உயர்கல்வி படிக்கும் மாணவர் ஒருவரை இந்த விடுமுறையில் அழைத்துப் பேசுங்கள். "படிப்பு எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்காமல், "எங்கே உட்கார்ந்து படிக்கிறே?" என்றும் கேளுங்கள். உதவி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.